பண்ணையும் மெய்ப்பாடும்: குழவிக் கல்வியில் கதையும் தோட்டமும்

குழவிக்கு உணர்ச்சி உண்டு; அவ்வுணர்ச்சியின் பெயர் தெரியாது. மூன்று வயதுக் குழந்தை சினக்கிறது; அஞ்சுகிறது; ஏங்குகிறது; தம்பியையோ தங்கையையோ கண்டு பொறாமையும் கொள்கிறது. ஆயின் தன்னுள் நிகழ்வது யாதென எடுத்துரைக்க அறியாது. அழுகை ஒன்றே பல உணர்ச்சிகட்கும் பொதுமொழியாக அமைகின்றது. பெரியோர் அவ்வழுகையை நிறுத்த முயல்வரேயன்றி, அதனுள் அடங்கிக் கிடப்பது அச்சமோ இழப்போ என வினவுதல் அரிது. இந்நிலையில் குழந்தைக்குக் கதை சொல்லுதலும், அதனைத் தோட்டத்தில் விதைத்தும் நீர்வார்த்தும் பழகச் செய்தலும், தன் உணர்ச்சியைத் தானே அறிதற்கு நல்ல வாயில்கள் எனக் கல்வியாளர் கூறுவர். இவ்விரண்டும் தனித்தனியே பயனுடையன என்பதில் ஐயமில்லை. இரண்டும் ஏன் ஒன்றுகூடி இயங்க வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. அதற்குரிய விளக்கம் தமிழ்ப் பொருளிலக்கணத்திலும் சங்கப் பாடலிலும் உளது என்பது நம் கருத்து.

மேலைநாட்டார் கண்ட நெறி

செருமானிய நாட்டுக் கல்வியறிஞர் பிரடரிக் பிரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளங்குழவிகட்கென ஒரு நிலையம் நிறுவினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அப்பெயர் உவமை மட்டுமன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கே உரிய சிறு பாத்தியும், அவற்றைச் சூழ யாவர்க்கும் பொதுவான பாத்திகளும் அமைதல் வேண்டும் என அவர் வகுத்தார். தனதென்னும் பற்றும் நமதென்னும் உறவும் மண்ணிலேயே பயிலப்பட வேண்டும் என்பது அவர் உள்ளம். 1844-இல் தாய்மார் பாடுதற்குரிய பாடல்களைத் தொகுத்தும் வெளியிட்டார். இந்நிலையங்களைப் பிரசிய அரசு 1851-இல் தடை செய்தது. அத்தடை 1860-இல்தான் நீங்கிற்று. அதனைக் காணாமலே 1852-இல் பிரோபெல் மறைந்தார்.

இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோம் நகரில் தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1909-இல் வெளியிட்ட நூலில் செடிவளர்த்தலைப் பற்றித் தனியே எழுதினார். நீரின்றேல் செடி வாடும் என்றறிந்த குழந்தை, ஏவுவாரின்றித் தானே நீர்வார்க்கும். விதைத்துவிட்டு முளைக்காகக் காத்திருக்கும்போது பொறுமையைத் தானே கற்கும் என்பது அவர் துணிபு. இவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தமையும், போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கியிருந்தமையும் தமிழகக் குழவிக் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்கன.

எனினும் கற்பனைக் கதைகளை அம்மையார் ஐயத்துடனேயே நோக்கினார். மெய்யையும் புனைவையும் பிரித்தறியாப் பருவத்தில் புனைவை ஊட்டுதல், பெரியோர் தம் கற்பனையைக் குழந்தைமேல் ஏற்றுவதாகும் என்பது அவர் தடை. இத்தடை எளிதாகத் தள்ளத்தக்கதன்று. இதனை மனத்துட் கொண்டு தொல்காப்பியத்திற்கு வருவோம்.

மெய்ப்பாட்டியலின் விளக்கம்

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலின்கண் புலப்படுதல். மருட்கை, உவகை, அச்சம், நகை, வெகுளி, பெருமிதம், அழுகை, இளிவரல் என அது எண்வகைப்படும். தொல்காப்பியர் இவ்வெட்டனையும் எண்ணியதோடு அமையவில்லை. ஒவ்வொன்றும் எவ்வெவ் வாயிலாகப் பிறக்கும் என நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். உணர்வு வெறும் அகத்தே தோன்றுவதன்று. புறத்தே ஒரு பொருளைக் கண்டு, பொறி வழியாக உள்ளத்திற் பட்டு, மீண்டும் மெய்யில் வெளிப்படுவது என்பதே இதன் கருத்து. ஆகவே உணர்வை அறிய வேண்டுவோன் முதலில் அறிய வேண்டுவது அதற்கு நிலைக்களனான பொருளையே.

மருட்கையை நோக்குக. புதியது, பெரியது, மிகச் சிறியது, ஒன்று வேறொன்றாக ஆவது என்னும் நான்கும் அதன் நிலைக்களன். இந்நான்கும் ஒருங்கே காணப்படும் இடம் தோட்டத்தினும் வேறு உண்டோ? கீரை விதையின் சிறுமையும், மரத்தின் பெருமையும், முளையின் புதுமையும், கறிவேப்பிலையைத் தின்ற புழு பட்டாம்பூச்சியாகும் ஆக்கமும் அங்கு உள. இனி, அழுகையின் நிலைக்களன்களுள் இழவு ஒன்று. தான் வளர்த்த நாற்று பட்டுப்போதலைக் காணும் குழந்தை அதனை அறிகிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கொடை ஒன்று. உவகையின் நிலைக்களன்களுள் விளையாட்டு ஒன்று.

மெய்ப்பாட்டியல் தன் தொடக்கத்திலேயே ‘பண்ணை’ என்னும் சொல்லை ஆள்கின்றது. உரியியல் இச்சொல்லுக்கு விளையாட்டு எனப் பொருள் கூறும். இன்று அதே சொல் விளைநிலத்தைக் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒரு வேரின என்று நாம் துணியவில்லை. எனினும் விளையாட்டும் விளைநிலமும் ஒரு சொல்லின்கண் சந்திப்பது நம் பொருளுக்கு மிகவும் இயைபுடையது.

புன்னை என்னும் உடன்பிறப்பு

நற்றிணை 172-ஆம் பாடல் நெய்தற்றிணையினது. ஆயத்தாரோடு விளையாடிய சிறுமியர் புன்னைக் காயை வெண்மணலில் அழுத்தி மறந்துவிடுகின்றனர். அது முளைக்கிறது. பாலும் நெய்யும் பெய்து வளர்க்கின்றனர். அதனைக் கண்ட அன்னை, அப்புன்னை அவர்தம் தங்கையே என்றும், அவரினும் சிறந்தது என்றும் கூறுகின்றாள். அவர்கள் வளர்ந்து பருவமெய்திய பின், அம்மரத்து நிழலில் தலைவனோடு நகைத்து விளையாட நாணுவதாகத் தோழி அவனிடம் உரைக்கின்றாள்.

உள்ளுறையும் வரைவு கடாதலும் பற்றி அறிஞர் இப்பாடலை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாம் ஈண்டு நோக்குவது அதன் முற்பகுதியை. அன்னை நாணத்தைப் பற்றி அறிவுரை கூறவில்லை. அன்பு செலுத்துக எனவும் கட்டளையிடவில்லை. சிறுமியர் கையால் ஊன்றிப் பாலூட்டி வளர்த்த மரத்தின்மேல் ஓர் உறவுச்சொல்லை வைத்தாள், அவ்வளவே. மறதியிற் பிறந்த முளை மருட்கையாயிற்று, மருட்கை பேணுதலாயிற்று, பேணுதல் உறவாயிற்று, அவ்வுறவு பின்னாளில் நாணமாகவும் நின்றது.

மாண்டிசோரி அம்மையாரின் தடைக்கு விடையும் இதுவேயாம். மரம் தங்கை என்பது புனைவே. ஆயினும் அது காணாத ஒன்றைப் பற்றிய புனைவன்று. குழந்தை தொட்டும் நீர்வார்த்தும் நன்கறிந்த பொருளின்மேல் நிற்பது. அத்தகைய கதை குழந்தையை மயக்குவதில்லை. அது முன்னரே உணர்ந்துள்ள அன்பிற்குப் பெயரிடுகிறது. தோட்டம் மட்டும் இருப்பின் உணர்வு பிறக்கும், பெயர் பிறவாது. கதை மட்டும் இருப்பின் பெயர் பதியும். அதற்குரிய பொருள் கையில் இராது.

பயிற்சிக்கு ஏற்கும் முறை

இக்கருத்தைப் பாலர் பள்ளியில் செயற்படுத்துதல் அரிதன்று. முதலில் செயல், பின்னர்க் கதை, அதன்பின் உரையாடல் என்பது தக்க வரிசை. அவரை விதைத்துக் கொடி எழுந்து பற்றுக்கோடின்றித் துவளும் நாளில், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையைச் சொல்லலாம். அதன்பின் குழந்தைகளே கொழுகொம்பு நடுவர். கொடியின்மேல் எழுந்த இரக்கமும், கொடுத்தலாற் பிறக்கும் பெருமிதமும் அப்போது அவர்க்குப் புலனாகும்.

நாற்று ஒன்று பட்டுப்போயின், குழந்தை அறியாமல் வேறொன்றை நட்டுவைத்தல் சில ஆசிரியர் வழக்கம். அது தகாது. இழப்பை மறைத்தல் அழுகையின் பொருளை மறைத்தலாகும். அந்நாளில் பட்டுப்போன செடியைச் சூழ அமர்ந்து, அதனை நட்டவன் என்ன நினைக்கிறான் என வினவுதல் வேண்டும். ஒருவன் பாத்தியை மற்றொருவன் மிதித்துச் சினம் எழுந்தால், ‘சினவாதே’ எனத் தடுக்குமுன், ‘உனக்குச் சினம் வந்தது, உன் செடி நொந்தது’ என்று அதனைச் சொல்லாக்கிக் கொடுத்தல் நன்று. பெயர் பெற்ற சினம் பாதி அடங்கியதாகும்.

முடிபு

1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் பெயரில் உள்ள ‘அங்கன்’ என்னும் சொல் முற்றத்தைக் குறிப்பது. கிண்டர்கார்ட்டன் என்பதும் தோட்டத்தின் பெயரே. இன்று நகரங்களில் இப்பெயர் தாங்கிய பள்ளிகள் பல, முற்றமும் மண்ணும் இன்றி நான்கு சுவர்க்குள் இயங்குகின்றன. பெயரில் தோட்டம் நிற்க, நிலத்தில் அது மறைந்தது. இடமில்லை என்பார்க்குத் தொட்டி ஒன்றும் விதை நான்கும் போதும்.

தமிழ் பயில்வார்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மெய்ப்பாட்டியலை நாம் பெரும்பாலும் செய்யுளின் உறுப்பாகவே கற்றும் கற்பித்தும் வருகிறோம். அது மாந்தர் உணர்வின் இலக்கணமும் ஆதலின், உணர்வை முதன்முதல் சந்திக்கும் குழவியினிடத்தும் அதற்கு இடமுண்டு. புன்னையைத் தங்கை எனக் கூறிய அன்னை தொல்காப்பியம் கற்றவளோ அல்லளோ அறியோம். அவள் செய்தது அந்நூலின் கருத்தோடு முற்றும் பொருந்துவதாகும். அவள் செய்ததை இன்றைய ஆசிரியரும் செய்தற்கு வழிவகுப்பின், நம் இலக்கணக் கல்வி மேலும் ஒரு பயன் பெறும்.