ரம்பை இலையின் பரிமளம்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் கறிவேப்பிலை கேட்பவருக்கு, அதனோடு வாள்போல் நீண்டு நடுவில் மடிப்பு விழுந்த பச்சை இலையொன்றையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுப்பது வியாபாரிகளின் வழக்கம். அதுவே ரம்பை. அப்போதே பறித்த இலையை முகர்ந்தால் புல்லின் மணத்துக்குமேல் எதுவும் தோன்றாது. ஆயினும் அதனை விரலளவாக நறுக்கிக் காய்ந்த தேங்காயெண்ணெயில் வெங்காயத்தோடு இட்ட மறுகணமே, கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான ஒழுங்கையில் நடந்து போகிறவரும், யார் வீட்டில் இறைச்சிக்கறி தாளிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

தாழையும் ரம்பையும் ஒரே பேரினத்துச் செடிகள். தாழை தன் வாசனையைப் பூவில் வைத்தது. ரம்பையோ இலையில் வைத்தது. சோறு வேகையில் பாஸ்மதி அரிசியிலிருந்து எழும் மணத்துக்கு மூலமான பதார்த்தத்தை, கலிபோர்னியாவிலுள்ள அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் றொன் பட்டரி என்ற இரசாயன நிபுணரும் அவருடைய சகாக்களும் 1982இல் இனங்கண்டனர். அதன் பெயர் 2-அசற்றைல்-1-பிரோலின். மறு ஆண்டே அவர்கள் ரம்பையை ஆராய்ந்தபோது, அதே பதார்த்தம் வாசனை அரிசியிலிருப்பதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அதில் இருக்கக் கண்டார்கள். சாதாரணச் சம்பா அரிசி உலையில் ஒரு துண்டு ரம்பையை முடிச்சிட்டுப் போட்டு விருந்துச் சோறாக்கிய நம் பாட்டிமார், இரசாயன சாஸ்திரம் பெயரிடுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த உறவை நாவினால் அறிந்திருந்தார்கள் என்பதை நினைக்கையில் எனக்குப் பெருமிதமே உண்டாகிறது.

இலை சற்று வாடும்போதும் கசங்கும்போதும் சூடேறும்போதும் வெளிப்படும் அந்த மணம் எளிதில் ஆவியாவது. ஆகவே எண்ணெயோ தேங்காய்ப்பாலோ அருகிருந்து ஏந்திக்கொள்ளவேண்டும். முற்றாக உலர்ந்த இலையில் நிறமும் போய், மணமும் பெரும்பாலும் போய்விடுகிறது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பிள்ளைகளைக் காணப் போகிற தாய்மார் வெயிலில் காயவைத்துப் பொதிசெய்யும் ரம்பையைப் பார்த்தால் என் மனம் வருந்துகிறது. கழுவாது ஈரமற்றுத் துடைத்துக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் சில நாட்களுக்கு வாடாது. நெடுநாள் வேண்டுமாயின், நறுக்கிக் காற்றுப் புகாத பையிலிட்டு உறையவைத்து, உருகவிடாமல் அப்படியே சட்டியில் இடவேண்டும்.

ஆனால் மிகச் சிறந்த களஞ்சியம் செடியேயாகும். அச்செடி மனிதர் கையாலேயே ஊர்விட்டு ஊர் வந்தது. இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த செடியைக் கண்டு தாவர சாஸ்திரி வில்லியம் றொக்ஸ்பரோ எழுதிய வருணனை, அவர் காலஞ்சென்ற பின், 1832இல் அச்சேறியது. ரம்பையில் பூ மிக அபூர்வம். பெண் பூவோ தாவர சாஸ்திரிகளின் பதிவிலேயே இல்லை. விதையில்லாத இச்செடி பறவையாலும் காற்றாலும் பரவவியலாது. இலங்கையின் ஒவ்வொரு முற்றத்திலும் நிற்பது, யாரோ ஒருவர் கிள்ளி இன்னொருவர் கையில் கொடுத்த கன்றின் சந்ததி. முற்றமற்ற அடுக்குமாடியிலும் அது வாழும்: தாய்ச்செடியின் அடியில் கிளைக்கும் பக்கக்கன்றைச் சிறுவேரோடு பிரித்து, ஈரம் காயாத தொட்டியில் ஊன்றி, உச்சி வெயில் படாத பல்கனி மூலையில் வைத்தால் போதும். அடி இலைகளை மட்டும் பறித்து, குருத்தைத் தொடாமல் விடவேண்டும்.