கொல்லைப்புறத்தில் ஒரு புகையடுப்பு

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோரின் பெட்டிகளில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டரும் கோடாரித் தைலமும் சென்ட் புட்டியும் இருந்தன. இன்று அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு ருசியின் நினைவுதான். ஏமன் நாட்டு ஹளரமவ்த் பகுதியின் மந்தி, ஓமானில் பெருநாளன்று நிலத்தடிக் குழியில் இட்டு வேகவைக்கும் ஷுவா ஆகியவற்றை உண்டு பழகியவர்கள், அந்தப் புகை மணத்தைத் தம் வீட்டுக் கொல்லையிலும் எழுப்பிப் பார்க்க விரும்புவதில் வியப்பில்லை. புகையும் நமக்குப் புதிதன்று. நம் வீடுகளில் இடித்துச் சேர்க்கும் மாசி, வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய சூரை மீன்தானே?

மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் மச்சானுக்கும் இந்த ஆசை பிறந்தது. அவர் வாங்கியது அமெரிக்கர்களின் ஆஃப்செட் ஸ்மோக்கர் என்னும் வகை. நீண்ட உருளையான இறைச்சி அறை. அதன் ஒரு பக்கத்தில் சற்றுத் தாழ்வாகத் தனித் தீயறை. மறு பக்கத்தில் புகைபோக்கி. விறகு தீயறையில் எரியும். சூடும் புகையும் மட்டும் இறைச்சியைத் தழுவிக்கொண்டு மறுமுனை வழியே வெளியேறும். தீ நேரடியாக இறைச்சியைத் தொடுவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய் வயல்களில் மிஞ்சிய கனத்த குழாய்களை வெட்டி ஒட்டி உருவாக்கியதால் இவ்வகை அங்கே பெயர் பெற்றது. மச்சான் தபாலில் வரவழைத்ததோ பார்வைக்கு அதே வடிவம். தகடு மட்டும் இரண்டு மில்லி மீட்டர்கூட இல்லை.

2024 ஜூன் 17, ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானியில் வீட்டுக்கென வைத்துக்கொண்ட பங்கிலிருந்து முன்சப்பையையும் பின்தொடையையும் மசாலா தடவி உள்ளே வைத்தார். உறவினர் முப்பது பேர் வந்திருந்தனர். ஆனி மாதத்து மேல்காற்றை அந்தப் பக்கத்தவர் அறிவர்; செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து ஆளையே தள்ளும் காற்று அது. தீயறையின் வாய் அந்தக் காற்றைப் பார்த்தவாறே இருந்தது. தீ ஒரு கணம் சீறும், மறுகணம் அணையும். மூடியின் இடுக்குகளிலெல்லாம் புகை கசிந்தது. பகல் மூன்று மணிக்குத் திறந்து பார்த்தால், தீயறைப் பக்கத்துத் தொடை கரிந்திருந்தது. புகைபோக்கிப் பக்கத்துச் சப்பை உள்ளே சிவப்பாகவே இருந்தது.

"ஏம்ப்பா, இது வேகுறதுக்குள்ள அடுத்த பெருநாள் வந்துருமே" என்றார் மாமி. இறைச்சி முழுவதையும் துண்டு போட்டுத் தேக்சாவில் ஏற்றிக் கொதிக்கக் கொதிக்க ஆணமாக்கிய பிறகே விருந்தினர் உண்டனர். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆயினும் அது சிரிப்போடு முடியாமல் போயிருக்கவும் கூடும். ஐந்து பாகைக்கும் அறுபது பாகை செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் இறைச்சி மணிக்கணக்கில் கிடந்தால் நோய்க்கிருமிகள் பெருகும். அந்தச் சப்பையை அப்படியே அறுத்துப் பரிமாறியிருந்தால், குழந்தைகள் நிறைந்த அந்த வீட்டில் பெருநாள் இரவு எப்படி விடிந்திருக்குமோ!

ஆகவே, இவ்வடுப்பை வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தகட்டின் கனம். புகையில் வேகவைப்பதற்கு 110 முதல் 135 பாகை வரையிலான நிதானச் சூடு ஐந்தாறு மணி நேரம் நிற்க வேண்டும். மெல்லிய தகடு விரைவில் சுட்டு விரைவில் ஆறும். ஒவ்வொரு காற்றுக்கும் ஆடும். ஆறு மில்லி மீட்டர்த் தகடு சூடேற ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. மூடியைத் திறந்து பார்த்தாலும் சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எடையைக் கேட்டால் தகட்டின் உண்மை தெரிந்துவிடும். ஆறு மில்லி மீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இறைச்சி அறைக்கு ஏறத்தாழ 90 கிலோ, தீயறைக்கு 45 கிலோ, கால்கள் தனி. அதே அளவில் 50 கிலோவில் ஒன்றைக் காட்டி "கனத்த இரும்பு" என்று ஒருவர் விற்றால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

மச்சான் பிறகு சங்கரன்கோவிலில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டார். என் கருத்தும் அதுவே: நம் ஊர்ப் பட்டறைக்காரரிடம் கனத்த குழாயும் தகடும் கொடுத்துச் செய்வது நல்லது. ஆனால் அவரிடம் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகடோ கம்பியோ எங்கும் கூடாது. சூட்டில் அதன் புகை நஞ்சு. உட்புறம் பெயின்ட் கூடாது. இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு எவர்சில்வராக இருப்பது நலம். வெப்பமானி மூடியின் உச்சியில் அன்றி, இறைச்சி இருக்கும் மட்டத்தில் அமைய வேண்டும். உச்சியிலுள்ளது மேலே திரண்ட சூட்டைத்தான் காட்டும்.

பழைய பீப்பாயை வெட்டி மலிவாகச் செய்து தருகிறேன் என்பார்கள். இருநூறு லிட்டர்ப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பது யாருக்குத் தெரியும்? பூச்சி மருந்தோ இரசாயனமோ இருந்திருந்தால் அது எத்தனை முறை கழுவினாலும் நம்பத் தக்கதன்று. எரிபொருள் ஆவி தங்கிய பீப்பாயை வெட்டும்போது வெடித்து உயிர்ச்சேதம் நேர்வதுண்டு. இதில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம்.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாஸில் மெஸ்கீட் என்று கொண்டாடி எரிக்கும் மரமும், நம் கரிசல் காடுகளைப் பாழாக்கிய சீமைக் கருவேலமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள்! காசு கொடுத்து வேரோடு பிடுங்கச் சொல்லும் மரத்தின் சொந்தம் அங்கே விருந்துக்கு மணம் ஊட்டுகிறது. அதன் சூடு கடுமை, புகையும் கடுமை. எனவே அதை அடுப்புக்கரியாக அடியில் இட்டு, மேலே கொய்யா, மா போன்ற நன்கு காய்ந்த விறகைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது சிறப்பு. பச்சை விறகு வேண்டாம். வெள்ளையாகத் திரண்டு வரும் புகை இறைச்சியைக் கசக்க வைக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாய்ந்த மெல்லிய புகையே வேண்டியது. அரளிக் கட்டையை எக்காரணம் கொண்டும் இடக் கூடாது, அது நஞ்சு. பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் அவ்வாறே விலக்கத் தக்கவை.

புது அடுப்பின் உட்புறத்தில் சமையல் எண்ணெய் தடவி, இரண்டு மூன்று மணி நேரம் வெறுமனே எரியவிட்டுப் பதப்படுத்திய பிறகே இறைச்சி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும், மூடி வையுங்கள். கார் நிறுத்தும் கூடத்திலோ அடைத்த கொட்டகையிலோ ஒருபோதும் மூட்டாதீர்கள். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அண்டை வீட்டார் துணி உலர்த்தும் பக்கம் புகை போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை போகும் வீட்டுக்கு ஒரு தட்டும் போக வேண்டும்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புகை பட்ட இறைச்சி வெந்த பின்னும் சிவந்தே தோன்றும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று போதும். கோழி உள்ளே 74 பாகையை எட்ட வேண்டும். ஆட்டுச் சப்பை எலும்பைவிட்டுக் கழன்று வர 90 பாகைக்கு மேல் ஆகும்.

இத்தனை கனமான பொருள் எல்லா வீட்டுக்கும் வேண்டுமா? வேண்டாம் என்றே சொல்வேன். கபாப் மட்டும் சுடுவதானால் ஒரு சிறிய கரியடுப்பு போதும். பெரிய தேக்சாவைப் பள்ளிவாசலில் பொதுவாக வைத்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது போல, நாலைந்து சொந்தங்கள் சேர்ந்து ஒன்று செய்துகொள்ளலாம்.

2025 ஜூன் 7 பெருநாளன்று மச்சானின் புது அடுப்பு, காற்றுக்கு முதுகு காட்டி, மதிலோரம் நின்றது. சுபுஹுக்குப் பின் தீ மூட்டினார். தொழுகையும் அறுப்பும் முடிந்து இறைச்சி வைக்க முற்பகலாயிற்று. அஸருக்குப் பின் சப்பை எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. மாமி ஒரு துண்டு எடுத்து வாயில் இட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆனாலும் ஆணத்துக்குத் தேக்சாவை முன்னதாகவே கழுவி வைத்திருந்தார்.