உளநோயும் உரிய சொல்லும்

கொழும்பு நகரிலே ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக வழங்குகின்றது. வெள்ளவத்தைச் சந்தையிலே மீன் விற்பவரும், கொட்டாஞ்சேனைச் சந்தியிலே முச்சக்கர வண்டி ஓட்டுபவரும், சினம் மூண்டபொழுது எதிரே நிற்பவனை 'அங்கொடைக்குப் போ' என்கின்றனர். கற்றோர் கூடும் ஆசிரியர் அறையிலும் இதனை நான் கேட்டதுண்டு. அங்கொடை மக்கள் செய்த பிழை யாதுமில்லை. 1920களிலே அரசினர் அவ்வூரில் மனநோய் வைத்தியசாலை ஒன்றை நிறுவினர், அவ்வளவே. 2008 ஆம் ஆண்டில் அது தேசிய மனநல நிறுவகம் எனப் புதுப்பெயர் பூண்டது. பெயர் மாறிற்று, வசை மாறவில்லை.

மதில் எழுப்பி நோயாளரை அடைத்து வைக்கும் முறைக்கு இந்நாட்டில் 1873 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1880களிலே கறுவாத்தோட்டத்தை அடுத்து யாவத்தையில் எழுந்த மாளிகை அதற்காகவே கட்டப்பட்டது. அழகிய அக்கட்டடம் 2014 இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே குளிர்களி உண்டு மகிழும் இளைஞருள் எத்தனை பேர் அச்சுவர்களின் பழங்கதையை அறிவர்! அங்கொடை வைத்தியசாலையும் எழுந்து சில ஆண்டுகளிலேயே நெரிசலால் திணறியது. 1937 இல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மாப்போதர் என்னும் அறிஞர் இங்கு வந்து, நிலைமையைக் கண்டு அறிக்கை எழுதினார். 1939 இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலே உளநோயாளருக்குப் புறநோயாளர் சிகிச்சை தொடங்கியது. பிறநாட்டார் துணையோடு நம் உளமருத்துவத்தைச் சீர்செய்யும் முயற்சி நேற்று முளைத்ததன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

எனினும் அம்முயற்சி நாடெங்கும் பரந்தது 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் பின்னரேயாம். ஆழிப்பேரலை கரையை அழித்தது. உடன்வந்த உதவி, அதுகாறும் தலைநகரைச் சுற்றியே முடங்கிக் கிடந்த உளநல சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. 2005 இல் அரசு உளநலக் கொள்கையொன்றை ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் துணைநின்றது. நிபுணர் தொகை போதாமையால், பொது வைத்தியர்களுக்கு உளமருத்துவத்திற் பயிற்சி தந்து மாவட்டங்களுக்கு அனுப்பினர். ஊரவரிடையிலிருந்தே துணையாளரைத் தெரிந்து பழக்கினர். பேரலைக்கு முன் 10 மாவட்டங்களிலேயே உளநல சேவைக்கான அமைப்பு இருந்தது. தான் கணக்கிடும் 27 மாவட்டங்களுள் 20 இல் அது அமைந்துவிட்டதென அந்நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது.

இது நல்ல கூட்டுறவு. அதே காலத்தில் வேறொரு வகையும் வந்தது. சின்னாள் தங்கி, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக ஆறுதல் கூறி, வந்த விமானத்திலேயே மீண்டோர் பலர். அவர்தம் நல்லெண்ணத்தை ஐயுறேன். ஆயின், துன்பத்தை அவர்கள் தேடிய இடம் வேறு, அது கிடந்த இடம் வேறு. இலங்கையிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றும் உளவியலறிஞர் கயத்திரி பெர்ணாண்டோ இதனை ஆராய்ந்துள்ளார். மேனாட்டார் தனி ஒருவரின் உள்ளத்துள்ளே காணும் காயத்தை, நம் நாட்டார் உறவு அறுந்ததாகவும், குடும்பத்தில் தமக்குரிய கடமையை ஆற்ற இயலாததாகவும் கூறினர் என்பது அவர் கண்டது.

தமிழ் படித்தோர்க்கு இது வியப்பன்று. தொல்காப்பியர் உள்ளத்து உணர்ச்சியை மெய்ப்பாடு என்றார். மெய்யிலே தோன்றுவது என்பது பொருள். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. பிறரால் இகழப்படுதல் ஒன்று, உரியதை இழத்தல் ஒன்று, வறுமை ஒன்று. எஞ்சியதனை அசைவு என்றார். முன்னிருந்த நிலை அழிய, வேறொரு நிலையிற் கிடந்து துன்புறுதல் என்று பேராசிரியர் உரையாற் கொள்ளலாம். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, வெளிநாட்டுப் பயணத்துக்காக வெள்ளவத்தை விடுதிகளில் மாதக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களைக் கண்டோர்க்கு அச்சொல்லின் பொருளை யாரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் அறையில் ஆறு பேர். கதவு தட்டப்பட்டால் அறுவர் நெஞ்சும் ஒருங்கே பதைக்கும். அவர்களுட் சிலர் வைத்தியரிடம் சென்று கூறியதெல்லாம் தலையிடி, நித்திரையின்மை, பெருமூச்சு என்பனவே. 'யோசனை கூடிப்போச்சு' என்பர். யோசனை என்பது அவர்கள் வாயிலே சிந்தனையன்று, கவலை.

சில ஆண்டுகளுக்கு முன், தாதியாகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு வினாப்படிவத்தை என்னிடம் கொணர்ந்தாள். வெளிநாட்டிலே ஆக்கி, யாரோ தமிழிற் பெயர்த்தது. ஆங்கிலர் மனச்சோர்வைக் கீழிறங்குதலாகப் பேசுவர். பெயர்த்தவர் அதனை அப்படியே, 'நீங்கள் கீழே உணர்கின்றீர்களா?' என்று எழுதியிருந்தார். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றிலே முதியவளொருத்தியிடம் இதனைக் கேட்டாளாம். அம்மூதாட்டி, 'இல்ல மகள், நாங்க மூணாம் மாடியில இருக்கிறோம்' என்றாளாம். இருவரும் நகைத்தோம். பின்னர் அவள் கூறியது நகைத்தற்குரியதன்று. அவ்வினாவுக்கு எதிரே 'இல்லை' என்று குறித்துக்கொண்டு உடன்வந்த பயிற்சியாளர் அடுத்த வீட்டுக்குச் சென்றுவிட்டார். மகனை இழந்து ஓராண்டு நிறையாத தாய் அவள்.

பிழைபட்ட ஒரு சொல் இங்கே இலக்கண வழுவாக நின்றுவிடுவதன்று. மருந்து பெறவேண்டிய ஒருத்தி கணக்கிலிருந்தே விடுபடுகின்றாள்.

இத்துறையிலே தமிழுக்கு உழைத்தோர் இலரெனக் கருதற்க. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் சாந்திகம் என்னும் நிலையம் உளவளத்துணை செய்து வருகின்றது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினிடையே நோயாளரைப் பார்த்தவர். தம் பட்டறிவை 1998 இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் நூலாக்கினார். அவரும் மருத்துவர் சா. சிவயோகனும் தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றி எழுதியும் கற்பித்தும் வந்துள்ளனர். சோமசுந்தரம் கம்போடியாவுக்குச் சென்று, போரால் நொந்த அந்நாட்டிலும் ஊர்தோறும் உளநலப் பணியாளரை உருவாக்கத் துணைநின்றார். வறிய நாடு என்றும் பெறும் நாடு, செல்வ நாடு என்றும் தரும் நாடு என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்க. உளவளத்துணை, நெருக்கீடு, மனவடு முதலாகத் தமிழில் இன்று இயல்பாக வழங்கும் சொற்கள் இத்தகையோர் பயிலப் பயில ஊன்றியவை. அகராதிக் குழுவின் மேசையில் மட்டும் பிறந்தவையல்ல.

மற்றொன்றையும் ஒளியாது சொல்லவேண்டும். நம் உளமருத்துவர் நிபுணராதற்குப் பட்டப்பின் படிப்போடு வெளிநாட்டுப் பயிற்சியும் பெறல் வேண்டும். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் அவர்களைப் பயிற்றுகின்றன. பயிற்றியவற்றுட் சிலரைத் தமக்கே வைத்துக்கொள்கின்றன. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் மருத்துவர் புறப்பாடு மிகுந்தது. கூட்டுறவு என்னும் பெயரால் வறியவன் வீட்டு விளக்கைச் செல்வன் கடன் கொள்ளுதல் எவ்வாறு அறமாகும்? போனவரைப் பழித்துப் பயனில்லை. அவர்க்கும் பிள்ளை குட்டி உண்டு. எடுத்துக்கொண்ட நாடு ஈடு செய்வதே முறை. ஆண்டுதோறும் சில கிழமை வந்து தமிழிலும் சிங்களத்திலும் இங்குள்ள தாதியரைப் பயிற்றுதற்கு அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரலாம். பிரித்தானியாவிலுள்ள நம் நாட்டு வைத்தியர் சிலர் தாமாகவே சங்கம் அமைத்து இத்தகைய பணியைச் செய்தும் வருகின்றனர்.

2019 ஏப்ரில் 21 ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது. மாண்டோரும் நொந்தோரும் பலர் தமிழ் பேசுவோர். அவ்வாலயம் கொட்டாஞ்சேனைக்கு அணித்து. என் வகுப்பிலும் அதன் அதிர்ச்சியை உணர்ந்தோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணைப் பலர் அறிந்திருக்கின்றனர். ஆனால் அழைத்தவுடன் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்பதை யாரும் கற்பிப்பதில்லை.

மேலே கூறிய தாதியின் வேண்டுகோளால் என் மாலை வகுப்பு மாணவர் இவ்வாண்டு ஒரு சொற்றொகுதி திரட்டுகின்றனர். பாட்டிமாரிடமும் அயலவரிடமும் கேட்டு, துன்பத்தைக் குறிக்கும் சொற்களை அவர் கூறியவாறே எழுதி வருகின்றனர். 'மனம் விட்டுப்போச்சு' என்பதை யாழ்ப்பாணத்தவளும் மலைநாட்டவளும் ஒரே பொருளில் ஆளவில்லை என்று ஒரு மாணவன் கண்டான். அச்சத்தால் பேச்சடங்கிய பிள்ளையை 'ஏங்கிப்போனான்' என்று முதியோர் கூறுவர். இலக்கியத்து ஏக்கம் வேறு, இது வேறு. தாதி அதனை வைத்தியரிடம் காட்டினாள். மேனாட்டு நூலில் இதற்கு நேரான பெயர் ஒன்றில்லை என்றார் அவர். எனினும் அச்சொல்லைத் தம் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டாராம்.