ஒரு டிஸ்க் செத்தால் உங்களிடம் யார் சொல்வார்கள்?

ரத்தப் பரிசோதனைக் கூடம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம், ஆடிட்டர் அறை, அச்சகம் என எங்கே போனாலும் இன்று ஏதோ ஒரு மூலையில் சின்ன சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டிலும் ஒரே தகவல். "ஒன்று போனாலும் கவலை இல்லை, இன்னொன்று இருக்கிறது" என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் ஒன்று போன நிமிடத்திலிருந்து உங்கள் கணக்கு வழக்கு முழுவதும் மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க்கை நம்பித்தான் இருக்கிறது. அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வர யாராவது ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்த ஏற்பாடு இல்லை.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் இந்த முறைக்கு ரெய்டு என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வழியே இந்தப் பெயர் பரவியது. தனி கார்டு இல்லாமல் லினக்ஸ் இயங்குதளமே இந்த வேலையைப் பார்த்துக்கொண்டால் அது சாப்ட்வேர் ரெய்டு. செலவு குறைவு, நம்பகமானது, சிறு நிறுவனங்களுக்குப் பொருத்தமானது. ரெய்டு 1இல் ஒரு டிஸ்க் மற்றதன் நகல். ரெய்டு 5இல் குறைந்தது மூன்று டிஸ்க் இருக்கும், ஒன்று போகலாம். ரெய்டு 6இல் குறைந்தது நான்கு, இரண்டு போகலாம். ரெய்டு 0இல் மட்டும் ஒன்று போனாலே எல்லாம் போய்விடும்.

இந்த முறை நமக்குத் தருவது அவகாசம். பஞ்சருக்குப் பிறகு ஸ்டெப்னியில் ஓடும் வண்டிக்கு அடுத்த பஞ்சர் கடை வரை கிடைக்கும் அவகாசம் போன்றது அது. ஸ்டெப்னியில் ஓடுகிறோம் என்று ஓட்டுபவருக்கே தெரியாவிட்டால் அந்த அவகாசத்தால் பயனில்லை.

கெட்டது எப்படித் தெரியும்?

லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள் 'எம்டிஸ்டாட்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. திறந்தால் ஒவ்வொரு ரெய்டு தொகுப்புக்கும் எதிரே சதுர அடைப்புக்குள் 'யு' என்ற ஆங்கில எழுத்து, டிஸ்க்குக்கு ஒன்று வீதம் நிற்கும். இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு 'யு'. ஒரு டிஸ்க் விழுந்துவிட்டால் அதன் இடத்தில் எழுத்துக்குப் பதில் ஓர் அடிக்கோடு வந்திருக்கும். அறிகுறி அவ்வளவுதான். பில் போடும் கவுன்ட்டரில் இருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

இதைத் தானாகக் கவனித்து மின்னஞ்சல் அனுப்பும் வசதி, ரெய்டை நிர்வகிக்கும் 'எம்டிஏடிஎம்' நிரலிலேயே இருக்கிறது. சிக்கல் முகவரியில். அமைப்புக் கோப்பில் முகவரி பல சர்வர்களில் 'ரூட்' என்று முதலில் வந்தபடியே கிடக்கும். அப்படியானால் எச்சரிக்கை போய்ச் சேருவது சர்வருக்குள்ளேயே உள்ள, யாரும் திறந்து பார்க்காத அஞ்சல் பெட்டிக்கு. அந்த எச்சரிக்கை உரிமையாளருக்கும் பராமரிப்பவருக்கும் வந்து சேரும்படி ஏற்பாடு வேண்டும். சோதனை மின்னஞ்சல் அனுப்பும் கட்டளையும் உண்டு. அதை ஓட்டி, அஞ்சல் உங்கள் கைப்பேசிக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் முறைக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: கெட்டுப்போய் இடம் மாற்றப்பட்ட செக்டார்கள் (எண் 5), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் (197), திருத்த முடியாதவை (198). இவை பூஜ்யத்தை விட்டு ஏறத் தொடங்கினால் மாற்று டிஸ்க்குக்கு ஆர்டர் போடலாம். எண் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிப் பார்க்காமல் "டிஸ்க் போச்சு" என்று புதிதுக்குப் பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கெட்டுப்போனவற்றில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வெப்பநிலை தவிர்த்த எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் முன்கூட்டிக் காட்டவில்லை. அதனால் ரெய்டு, ஸ்மார்ட், மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் படித்துச் சரிபார்க்கும் சோதனை ஆகிய மூன்றும் வேண்டும். டெபியன் லினக்ஸில் அந்தச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓடும்படி வருகிறது. "சர்வர் ஸ்லோவாகிறது" என்று சொல்லி அதை நிறுத்திவைக்காதீர்கள்.

உருவ வேண்டியது எது?

டிஸ்க் தானாகச் சாவதைவிடக் கொடுமையானது, நல்ல டிஸ்க்கைக் கையால் உருவி எடுப்பது. இரண்டு டிஸ்க் உள்ள ரெய்டு 1இல் ஒன்று ஏற்கெனவே போயிருக்கும்போது மற்றதை உருவினால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்த நொடியே நிற்கும். ரெய்டு 5இலும் அதே கதி.

இந்தத் தவறு நடக்கக் காரணம் பெயர்தான். லினக்ஸ் டிஸ்க்குகளை 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்று வரிசையாக அழைக்கிறது. சர்வரை அணைத்துப் போட்டாலோ, கேபிளை இடம் மாற்றினாலோ நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிஏ ஆகலாம். மேலிருந்து முதலாவது பெட்டி எஸ்டிஏவாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாறாதது சீரியல் நம்பர் மட்டுமே. 'டிஸ்க் பை-ஐடி' என்ற அடைவில் ஒவ்வொரு டிஸ்க்கின் மாடலும் சீரியலும் பெயரோடு சேர்ந்தே தெரியும். ஸ்மார்ட் அறிக்கையிலும் அதே எண் வரும்.

டிஸ்க்கின் மீதுள்ள ஸ்டிக்கரிலும் அந்த எண் உண்டு. ஆனால் ட்ரேயில் போட்டு உள்ளே தள்ளிய பிறகு ஸ்டிக்கர் மறைந்துவிடும். பார்க்க வேண்டுமானால் உருவித்தான் ஆக வேண்டும். எனவே பொருத்தும் நாளிலேயே சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி ட்ரேயின் முன்முகத்தில் ஒட்டிவிட வேண்டும். எந்த ட்ரேயில் எந்த எண், வாங்கிய தேதி, வாரன்டி முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பில்லோடு வைத்திருங்கள். ஒட்டாமல் விட்டிருந்தால், ஆதரவுள்ள சர்வர்களில் குறிப்பிட்ட ட்ரேயின் விளக்கை எரியவைக்கும் 'லெட்சிடிஎல்' கட்டளை கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால் சர்வரை முறையாக அணைத்துவிட்டு ஸ்டிக்கரைப் படிப்பதே நல்லது. பத்து நிமிடம் கடையை நிறுத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

மாற்றும் ஒழுங்கு

முதல் வேலை பேக்கப். டிஸ்க்கில் கை வைக்கும் முன் இன்றைய நகல் வெளியே இருக்க வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. ரான்சம்வேர் பூட்டினால் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

பிறகு, கெட்ட டிஸ்க்கை 'ஃபெயில்' என்று குறித்து 'ரிமூவ்' செய்து, சீரியலைச் சரிபார்த்து உருவ வேண்டும். புதியது பழையதைவிட ஒரு செக்டார்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது. பார்ட்டிஷன் அமைப்பை நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை. 'எஸ்ஜிடிஸ்க்' கட்டளையின் 'ஆர்' விருப்பத்தில் எதற்கு எழுத வேண்டுமோ அந்த டிஸ்க்கின் பெயர் முதலில் வரும். எதிலிருந்து என்பது பின்னால் வரும். மாற்றி அடித்தால் நல்ல டிஸ்க்கின் அமைப்பு வெற்று அமைப்பால் அழியும். அதன் பிறகு 'ஆட்' செய்தால் மறுகட்டமைப்பு தொடங்கும்.

பழைய டிஸ்க் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அதை உடனே வெளியேற்றாமல், புதியதைக் கூடுதலாகச் செருகி 'ரீப்ளேஸ்' கட்டளையைப் பயன்படுத்தலாம். மாற்றம் முடியும் வரை பாதுகாப்புக் குறையாது.

4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் மறுகட்டமைக்கவே ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். நடுவில் அலுவலக வேலையும் ஓடினால் இன்னும் கூடும். அத்தனை நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழுமூச்சாகப் படிக்கப்படுகின்றன. பலவீனமான இன்னொன்று அப்போது விழலாம். பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 5ஐவிட ரெய்டு 6 பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். கடைசியாக, சர்வரை எழுப்பும் 'கிரப்' நிரலைப் புதிய டிஸ்க்கிலும் நிறுவச் சொல்லுங்கள். அதை மறந்தால் தகவல் பத்திரமாக இருந்தும் அடுத்த முறை சர்வர் எழாமல் போகலாம்.

தவறான டிஸ்க்கை உருவிவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எதையும் எழுதாமல் நிறுத்தி, உருவியதை அதே இடத்தில் செருகி, 'அசெம்பிள்' கட்டளையால் தொகுப்பை மீண்டும் சேர்க்க முயலலாம். பதற்றத்தில் 'கிரியேட்' கட்டளையைத் தொடக் கூடாது. மீட்க முடிந்த தகவலையும் மீட்க முடியாமல் ஆக்கிவிடக்கூடியது அது.

வாங்குபவரின் உரிமை

ரெய்டுக்கு வாங்கும் டிஸ்க் எந்த வகை என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. எஸ்.எம்.ஆர். வகை டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது வேகம் சரியும். மறுகட்டமைப்பு நாள்கணக்கில் இழுக்கலாம். நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) பயன்பாட்டுக்கென்று விற்கப்பட்ட ரெட் வரிசையின் சில மாடல்களில் அந்த வகை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், வாங்கியவர்கள் கேள்வி எழுப்பிய பிறகுதான் 2020 ஏப்ரலில் பட்டியலிட்டது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேறொரு விவகாரம் வெளிவந்தது: பல்லாயிரம் மணி நேரம் உழைத்த சீகேட் டிஸ்க்குகள், ஸ்மார்ட் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டு, விற்பனைச் சங்கிலியில் புதியவை என்று கைமாறியிருந்தன. 'ஃபார்ம்' எனும் தனிப் பதிவைப் படித்துத்தான் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இங்கும் டிஸ்க் வந்த அன்றே ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். சீரியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு இந்தியாவில் வாரன்டி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பில்லில் சீரியலை எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரத்தை அறியும் உரிமையைத் தருகிறது. சேவையில் அலட்சியத்தையும், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பராமரிப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு, எச்சரிக்கை வந்தும் நடவடிக்கை எடுக்காதவர் இதற்குள் வருவார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். தீரவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வணிக நோக்கில் வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்கி, தானே பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒப்பந்தமும் சிவில் நீதிமன்றமும்தான் வழி. வாரன்டி பொதுவாக டிஸ்க்குக்கு மட்டுமே. உள்ளே இருந்த தகவலுக்கு இழப்பீடு தராது.

இன்னொரு பொறுப்பு உங்களுடையது. ரெய்டு 1இலிருந்து உருவிய ஒற்றை டிஸ்க்கில் உங்கள் வாடிக்கையாளர்களின் விவரம் முழுவதும் இருக்கிறது. வாரன்டிக்கு அனுப்பினாலும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டாலும் அது அப்படியே போகும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. தொடக்கத்திலேயே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடுவதே சுலபமான தீர்வு. அல்லது கெட்ட டிஸ்க்கைத் திருப்பித் தராமல் மாற்று தரும் வாரன்டித் திட்டம் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்:

1. டிஸ்க் பழுதானால் எச்சரிக்கை உங்களுக்கும் அவர்களுக்கும் நேரடியாக வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை அஞ்சல் அனுப்ப வேண்டும்.

2. எச்சரிக்கை வந்த எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார், மாற்று டிஸ்க்கை யார் இருப்பில் வைத்திருப்பார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

3. உருவும் முன் சீரியலை உங்கள் முன்னிலையில் படித்து, சேவைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

4. மறுகட்டமைப்பு முடிந்ததற்கான அச்சுப் பிரதி தர வேண்டும்.

5. பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுக் காட்ட வேண்டும்.

சேவை நல்லபடி நடந்தால் இந்தத் தாள்கள் கோப்பில் கிடக்கட்டும். நடக்காவிட்டால் ஆணையத்தின் முன் உங்களுக்காகப் பேசப்போகும் ஆதாரம் இவைதான். இதில் எதற்கும் கணினிப் படிப்பு தேவையில்லை. பராமரிப்பவருக்கு இன்றே போன் போட்டு, எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து இரண்டு 'யு'வும் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால், அடுத்த ஆண்டுக்கான காசோலையில் கையெழுத்திடும் முன் யோசியுங்கள்.