பாசியும் பூச்சிக் குளிசையும்

மட்டக்களப்பின் தன்னாமுனையில் வாவிக்கரையோரம் பிறந்து வளர்ந்து இன்று அறுபதைத் தாண்டியவர்களுக்கு வயிற்றுப் பூச்சிக்காகப் பேதி குடித்த காலை நினைவிருக்கும். வெறும் வயிற்றில் ஆமணக்கெண்ணெய், அல்லது வேப்பங்கொழுந்து அரைத்த உருண்டை. இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு மெபென்டசோல் குளிசையோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது.

ஜப்பானில் அந்த வேலையைக் கடற்பாசி செய்தது. டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற சிவப்புப் பாசியைக் காய்ச்சிக் குடித்து வயிற்றுப் பூச்சியை வெளியேற்றுவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். அதிலுள்ள கைனிக் அமிலத்தை 1953இல் பிரித்தெடுத்தார்கள். அது புழுவின் நரம்பை அளவுக்கு மீறித் தூண்டிச் செயலிழக்க வைக்கும். பிடி தளர்ந்த புழுவைக் குடல் தள்ளிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஜப்பானில் உருளைப்புழுவுக்கு அது மருந்தானது. இன்று அதே அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்து வலிப்பு நோயை ஆராய்கிறார்கள். 2000ஆம் ஆண்டளவில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது தவித்தவை நரம்பியல் ஆய்வகங்கள்தான். 2019இல் அந்தப் பாசியில் அமிலத்தை உருவாக்கும் மரபணுக்களையே கண்டறிந்துவிட்டார்கள். அமிலத்துக்காக இனிப் பாசியை அள்ளித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

அன்று நோயாளியின் வயிறே சோதனைக்கூடம். இன்று பாசியில் மருந்து தேடுவோர் அதை நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்த சாற்றைச் சிறு குழிகளில் நெளியும் உயிருள்ள புழுக்கள்மீது விடுகிறார்கள். அசைவு எப்போது நிற்கிறது என்று காத்திருக்கிறார்கள். அதே சாறு மனித உயிரணுவைக் கொல்கிறதா என்பதும் கூடவே பார்க்கப்படும். இந்த நிதானம் வேண்டியதுதான். கைனிக் அமிலத்தின் உறவான டோமோயிக் அமிலமும் ஜப்பானில் பூச்சி மருந்துப் பாசியிலிருந்தே வந்தது. 1987இல் கனடாவில் அது மட்டிச்சதையில் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரை நோயாளிகளாக்கியது, மூவர் இறந்தார்கள். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் யானைக்கால் புழு வகைகளுக்கு எதிராகப் பொட்ரியோகிளாடியா என்ற சிவப்புப் பாசியைக் கொறிணிகளில் சோதித்து, பலன் தெரிந்ததாக 2004இல் வெளியிட்டது. அத்தகைய பலன் குளிசையாவதற்கு இன்னும் நெடுந்தூரம்.

இலங்கை 2016இல் மலேரியாவை ஒழித்த நாடெனவும், யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையல்லாத நாடெனவும் சான்று பெற்றது. பெரும் பேறு அது. ஆனால் மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா தோல்நோய், 1992இல் உள்நாட்டிலேயே தொற்றியதாக முதன்முதல் அறியப்பட்டு, இன்று பரவிவருகிறது. அதற்குப் புண்ணிலேயே போடும் அந்திமனி ஊசி, சென்ற நூற்றாண்டின் மருந்து. புதிய மருந்துத் தேடல் ஓய்ந்துவிடக் கூடாதென்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தேடல் பாசியிடமும் தொடரலாம். ஒரே பாசியின் சாரமும் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். வாவியில் எந்தப் பாசி எங்கே, எந்த மாதத்தில் தழைக்கிறதென்று குறித்துவைக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் அருகே, வந்தாறுமூலையில் இருக்கிறது. தினமும் வாவியில் இறங்கும் மீனவர்கள் இங்கே இருக்கிறார்கள்.