மாவு கிரைண்டரில் சாக்லேட் அரைக்கிற சகோதரிகளுக்கு

நாங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஒரு மகளிர் குழு. தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிற தோப்புகளில் இருந்து காய்ந்த கொட்டை வாங்கி, வறுத்து, தோல் நீக்கி, அரைத்து சாக்லேட் செய்கிறோம். கடையில் கட்டியாக விற்கிற சாக்லேட்டை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுகிற வேலை இல்லை இது. கொட்டையில் இருந்தே செய்வது. அதனால் எங்கள் தொழிலில் பாதி, கிரைண்டரைக் காப்பாற்றுவதுதான்.

கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போனால் சகோதரிகள் சாக்லேட் ருசியைப் பற்றிக் கேட்பதை விட, "ஏனுங்க, இட்லி மாவு கிரைண்டர் இதுக்குத் தாங்குமுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தாங்கும். ஆனால் சும்மா தாங்காது. நாங்கள் ஒரு மோட்டாரை எரித்துவிட்டு, ஒன்றேகால் கிலோ சாக்லேட்டைக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டோம். அந்தச் செலவு உங்களுக்கும் வர வேண்டாம் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. வீட்டில் தினமும் மாவு ஆட்ட 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளைக்கு 40 மணி நேரம். சாக்லேட் நாக்கில் மணல் மாதிரி நெருடாமல் வழவழவென்று வர, கிரைண்டர் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நிற்காமல் ஓட வேண்டும். அதாவது ஒரே ஒரு முறை சாக்லேட் அரைத்தால், வீட்டுக் கிரைண்டர் இரண்டு மாதம் உழைக்கிற உழைப்பை உழைத்துவிடுகிறது. பத்து முறை அரைத்தால் 20 மாதத்துத் தேய்மானம். மிஷின் மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்காமல்தான் சண்டைக்குப் போனோம். வாரண்டி அட்டையில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று போட்டிருந்ததைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஆனாலும் நம்ம ஊர் கிரைண்டர் லேசுப்பட்டது இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் பேர் இருக்கிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டிலும் சிறு பட்டறையிலும் சாக்லேட் செய்யத் தொடங்கியவர்கள் கோவையில் செய்த டேபிள் டாப் கிரைண்டரைத்தான் கோகோ அரைக்க எடுத்துக்கொண்டார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குக் கடைசியில்தான் தெரிகிறது!

எங்கள் குப்பைக் குழிக் கதைக்கு வருவோம். கிரைண்டரின் உருளைக் கல்லைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதற்குப் புஷ் என்று பெயர். கம்பியின் மேல் கல் சுற்றுவது அந்தப் புஷ்ஷை வைத்துத்தான். மாவு ஆட்டும்போது தண்ணீர் இருக்கிறது, நேரமும் குறைவு, அதனால் தேய்வது தெரியாது. சாக்லேட்டில் கெட்டியான விழுது, சூடு, இரண்டு நாள் ஓட்டம். நாங்கள் எட்டு மாதம் அந்தக் கல்லைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. ஒரு தீபாவளி ஆர்டருக்கு அரைத்து முடித்து வடிகட்டும்போது, துணியில் நகம் வெட்டிய மாதிரி வெள்ளைத் துணுக்குகள். புஷ் தேய்ந்து சாக்லேட்டிலேயே கலந்திருந்தது.

அன்றைக்குக் குழுவில் பெரிய வாக்குவாதம். வடிகட்டியாச்சே, மீதியை விற்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உள்கடன் வாங்கிக் கொட்டை எடுத்திருக்கிறோம், தவணை நெருங்குகிறது. எங்கள் பிரதிநிதி அக்கா ஒன்றும் சொல்லவில்லை, "இதை உம் பேத்திக்குக் குடுப்பியா?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. கொட்டிவிட்டோம். அந்த மாதத் தவணையை பன்னிரண்டு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். புது புஷ் விலையைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. அவ்வளவு குறைந்த விலை.

அதனால் இப்போது ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் கல்லைக் கழற்றி, கம்பியில் மாட்டி ஆட்டிப் பார்க்கிறோம். கல் லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்பக்கம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது உணவுப் பொருளுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கா என்று கேட்டு, அதே கம்பெனி அளவில் வாங்குங்கள். லேத் பட்டறையில் கிடைத்த துண்டில் கடைந்து போடச் சொல்லாதீர்கள். இன்னொன்று, கல் இறுக்கமாகச் சுற்றுகிறதே என்று தையல் மிஷின் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அது அப்படியே சாக்லேட்டுக்குள் இறங்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், சாக்லேட் இளகிப் போகும், வாசமும் மாறும். கொஞ்சம் கோகோ வெண்ணெயை உருக்கித் தடவினால் போதும்.

அடுத்தது சூடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிரம்முக்குள் சூடு வேண்டும், மோட்டாருக்குச் சூடு ஆகாது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. கல் உரசுகிற சூட்டிலேயே விழுது 45, 50 டிகிரிக்குப் போய் நன்றாக இளகி ஓடும். ஆனால் தொடக்கத்தில் கல் குளிர்ந்திருந்தால் விழுது கல்லில் ஒட்டி இறுகி, மோட்டார் முக்க ஆரம்பிக்கும். எங்கள் முதல் மோட்டார் எரிந்தது இப்படித்தான். மார்கழிக் காலையில், குளிர்ந்த கல்லில், அரைக் கிலோ பருப்பை ஒரே தடவையில் கொட்டினோம். உர்ர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. காயில் கட்டக் கொடுத்ததில் மூன்று வாரம் வேலை நின்றது.

இப்போது செய்கிற முறை வேறு. கல்லையும் டிரம்மையும் துணி மூடி வெயிலில் வைத்து எடுக்கிறோம். வெயில் இல்லாத நாளில் முடி உலர்த்துகிற டிரையரால் சூடு காட்டுகிறோம். வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, எண்ணெய் விடுகிற பதத்துக்குக் கொண்டு வருகிறோம். கிரைண்டரை ஓடவிட்டு, அது ஓடும்போதே ஒவ்வொரு கைப்பிடியாகப் போடுகிறோம். ஒரு பிடி இளகின பிறகுதான் அடுத்த பிடி. எல்லாம் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் கூட ஆகும், பரவாயில்லை. 600 கிராம் பருப்புக்கு 100 கிராம் கோகோ வெண்ணெய், 300 கிராம் சர்க்கரை என்பது எங்கள் அளவு. இரண்டு லிட்டர் கிரைண்டர் என்பதற்காக இரண்டு கிலோ போடாதீர்கள். ஒரு கிலோ, மிஞ்சிப் போனால் ஒன்றேகால்.

மோட்டாரைக் குளிர்விக்க இரண்டு மரக்கட்டை வைத்து மிஷினைத் தூக்கி வைத்தோம், அடியில் காற்றுப் போக. மோட்டார் பக்கம் இருக்கிற துளைகளைப் பார்த்து ஒரு சின்ன டேபிள் ஃபேன். காற்று டிரம் மேல் படக்கூடாது, பட்டால் சாக்லேட் கெட்டியாகும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுவிட்சை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் பக்கத்து மூடியில் கை வைத்துப் பார்க்கிறோம். பத்து எண்ணுகிற வரை கை தாங்கவில்லை என்றால் ஓய்வு கொடுக்கிறோம். மிஷின் தானாக நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருக்கும். உடனே உடனே போட்டுப் பார்க்காமல் அரை மணி நேரம் விடுங்கள். விளக்கு மங்கலாக எரிகிற நேரத்தில், அதாவது வோல்டேஜ் குறைந்த நேரத்தில், ஓட்டாமல் இருப்பது நல்லது. அப்போதுதான் மோட்டார் அதிகம் சூடாகும். மோட்டார் முனகுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். அது சின்னச் செலவுதான். அதை விட்டுவிட்டு முனக வைத்துக்கொண்டே இருந்தால் காயிலும் போய்விடும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். மேலே இருக்கிற இறுக்கும் திருகைத் தளர்த்துங்கள். சித்திரை, வைகாசியில் என்றால் கொஞ்ச நேரம் இளகலாகவே இருக்கும். குளிர் காலத்தில் சீக்கிரம் உறையும், அதற்குள் உருளைக் கல்லை வெளியே எடுத்துவிட வேண்டும். கரண்ட் வந்ததும் பட்டென்று சுவிட்சைப் போடாதீர்கள். டிரம்மைச் சுற்றிலும் டிரையரால் சூடு காட்டி, விழுது எல்லாப் பக்கமும் இளகி, கையால் தள்ளினால் டிரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்கள் அது சைன் வேவ் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் வகையில் மோட்டார் இரைச்சல் போட்டுச் சூடாகும்.

தண்ணீர் விஷயத்தை ஒரே வரியில் சொல்லலாம், ஆனால் எங்கள் மாமியார்களுக்குத்தான் புரிய வைக்க முடியவில்லை. சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விழுது திரண்டு களி மாதிரி ஆகிவிடும். அதனால் மாவு ஆட்டுகிற கிரைண்டர் வேறு, சாக்லேட் கிரைண்டர் வேறு. மாவின் ஈரமும் புளிப்பும் கல்லில் ஊறிக் கிடக்கும். ஒரே வகை சாக்லேட்டையே அடுத்து அரைப்பதாக இருந்தால் கழுவவே வேண்டாம், வழித்து எடுத்து மூடி வையுங்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் வெந்நீரும் வாசனை இல்லாத சோப்பும் போட்டுச் சட்டென்று கழுவி, ஒரு முழு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். ஊற வைக்கக் கூடாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போடுகிறவர்களும் ஈரம் போக நன்றாக உலர்த்திப் பொடித்துத்தான் போட வேண்டும். பால் வேண்டுமென்றால் பால் பவுடர்தான்.

புதுக் கல்லுக்கு ஒரு சடங்கு உண்டு. ஒரு கை சர்க்கரையும் ரிஃபைண்டு எண்ணெயும் விட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, அதைக் கீழே கொட்டிவிட்டு, துணியால் துடைத்து, இன்னொரு தடவை அதே மாதிரி. கல் தூள் அதோடு போய்விடும். அம்மி கொத்துகிற மாதிரி கல்லைக் கொத்தினால் நன்றாக அரைபடும் என்று நினைக்காதீர்கள். சாக்லேட்டுக்கு வழவழப்பான கல்லே போதும். கொத்தின கல் தூளைத்தான் உதிர்க்கும்.

இனி, இருக்கிற கிரைண்டரைக் கொஞ்சம் மேம்படுத்துவது பற்றி. கையில் காசு இருந்தால் முதலில் எதற்குச் செலவு செய்யலாம்? எங்களைக் கேட்டால், இறுக்கும் திருகுக்கு. மாவு கிரைண்டரில் கல்லைப் பிடித்திருப்பது ஒரே இறுக்கத்தில் இருக்கும். சாக்லேட்டுக்கு அது சரிப்படாது. தொடக்கத்தில் தளர்வாகவும், பருப்பு இளகின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கும் திருகும் சேர்ந்த மேல் பாகம் கோவையில் கிரைண்டர் உதிரிபாகக் கடைகளில் கேட்டால், சில மாடல்களுக்குக் கிடைக்கும். ஆனால் இறுக்கினால் சீக்கிரம் ஆகும் என்று ஒரேயடியாக இறுக்கினால் கல்லோடு கல் உரசும், அந்தத் தூளை நம் வாடிக்கையாளர்தான் தின்பார்.

அதற்கு அடுத்து பெல்ட். மிஷின் அடியில் கருப்புப் பொடி விழுந்திருந்தாலோ, ரப்பர் வாடை வந்தாலோ பெல்ட் வழுக்குகிறது. கைவசம் எப்போதும் ஒரு பெல்ட்டும் ஒரு ஜோடி புஷ்ஷும் வாங்கி வைத்திருங்கள். டிரம்முக்கு அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால் சீல் போய்விட்டது, விழுது பேரிங்குக்குள் போகும் முன்னால் மாற்றுங்கள். பெரிய மோட்டார் போட்டுவிடலாமா என்று எங்கள் வீட்டு ஆண்கள் சொன்னார்கள். மெக்கானிக் வேண்டாம் என்றார். மோட்டார் இழுக்கும், கம்பியும் பெல்ட்டும் புஷ்ஷும் தாங்காது.

ஆர்டர் கூடிவிட்டால் சாக்லேட்டுக்கென்றே செய்த கிரைண்டர் கோவையிலேயே கிடைக்கிறது, நீண்ட நேரம் ஓடுகிற மோட்டாரும் இறுக்கும் திருகும் வைத்து. விலை கூடுதல்தான். வாங்கும்போது, தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி உண்டா, தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட் மோட்டார் 36 மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்குள்தான்.

இரவில் ஓடும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் படுக்க வேண்டும். நாங்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். முந்தானையை இடுப்பில் செருகாமல் மிஷின் பக்கம் போகக்கூடாது. டிரம் மேல் மெல்லிய துணியை இழுத்துக் கட்டுகிறோம், பூச்சி விழாமல் இருக்க. சேமிப்பு நோட்டு மாதிரி கிரைண்டருக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, கல்லைக் கழற்றிப் பார்த்தது யார், புஷ் எப்படி இருந்தது, அவ்வளவுதான். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் அடுத்த அரைப்புக்குப் பருப்பு எடுத்துக் கொடுப்பதில்லை.

எரிந்த மோட்டாரைக் காயில் கட்டி வாங்கின அந்தப் பழைய கிரைண்டரை, கல்லைக் கழுவிக் காயவைத்து, இப்போது மாவு ஆட்ட மட்டும் வைத்திருக்கிறோம். தினமும் 40 நிமிடம். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.