மைக்கூடும் மாற்று மையும்

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் என் சித்தி குடியிருக்கிறார். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு படங்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று, என் தாத்தா கோட்டு அணிந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். அறுபதுகளில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. மற்றொன்று சித்தி மகளின் திருமணப் படம். ஏழாண்டுகளுக்கு முன் அச்சிட்டது. தாத்தாவின் மீசையில் உள்ள நரையை இன்றும் எண்ணிவிடலாம். மணமக்களோ நீலமும் பச்சையும் அகன்று, செங்கல் நிறம் படர்ந்து நிற்கின்றனர். "தாத்தா அப்படியே இருக்காரு, மாப்பிள்ளையைத்தான் மலைக்காத்து தின்னுட்டுது" என்றார் சித்தி. வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அதில் பாதி விஞ்ஞானம் அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அந்தத் திருமணப் படம் வீட்டுப் பிரிண்டரை ஒத்த சிறு யந்திரம் ஒன்றில், மலிவான மாற்று மையைக் கொண்டு அச்சிடப்பட்டது. அச்சிட்டவரைக் குறை கூற நான் எழுதவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் இல்லந்தோறும் இத்தகைய யந்திரம் ஒன்றை வைத்துள்ளனர். ஊரில் நடந்த காதுகுத்தின் படம் கைப்பேசியில் வந்து சேர்ந்ததும் அச்சிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். மை தீர்ந்ததும் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுத் திகைத்து, மாற்று மையை நாடுகின்றனர். இது தவறா, சரியா என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. யந்திரம் இயங்கும் முறையைச் சற்றே அறிந்துகொண்டால் விடை தானே கிட்டும்.

பிரிண்டரில் மை இருக்கும் சிறு கூட்டுக்கு ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அகராதியைப் புரட்டினால் அதற்குத் 'தோட்டா' என்ற பொருளே முதலில் தென்படும். அலுவலகக் கோப்பு ஒன்றில் 'கறுப்புத் தோட்டா பன்னிரண்டு வாங்க அனுமதி' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததை நானே திருத்தியிருக்கிறேன். பள்ளி மேசையில் குழி தோண்டி வைத்திருந்த மைக்கூட்டை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பழைய சொல்லே இதற்கு நன்கு பொருந்துகிறது.

மைத்துளியைத் தாளின்மீது எறியும் முறைகள் இரண்டு. 1977இல் ஜப்பானின் கேனன் கம்பெனியில் இச்சிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளர், மை நிரம்பிய ஊசிக்குழலின்மீது சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டதும் மை பீறிட்டதைக் கண்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. நுண்குழலில் உள்ள மையை நொடியின் மிகச் சிறு பங்கில் சூடேற்ற, ஆவிக் குமிழி ஒன்று எழுந்து துளியை வெளியே தள்ளுகிறது. இது வெப்ப முறை. ஹ்யூலட் பேக்கார்டு கம்பெனியும் இதே வழியில் சென்று 1984இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரை விற்பனைக்குக் கொணர்ந்தது. எப்சன் கம்பெனி தேர்ந்தது மற்றொரு வழி. மின்சாரம் பாய்ந்தால் சற்றே வளையும் படிகத் தகடு ஒன்று, பிச்சாங்குழலை அழுத்துவது போல் மையை அழுத்தித் துளியாக்குகிறது. புகைப்படப் பிரிண்டர்கள் சிலவற்றில் துளியின் அளவு 1.5 பிக்கோலிட்டர். அதாவது ஒரு மில்லிலிட்டர் மையில் ஏறத்தாழ 67 கோடித் துளிகள்! இத்துணை நுண்ணிய துவாரத்தின் வழியே செல்லவேண்டிய மையில் ஒரு தூசி இருந்தாலும் என்னாகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வெப்ப முறையில் இயங்கும் பல வீட்டுப் பிரிண்டர்களில் துளி எறியும் தலைப்பகுதி மைக்கூட்டிலேயே பொருந்தியிருக்கும். கூட்டை மாற்றினால் தலையும் புதிதாகிவிடும். எனவே, அதில் மாற்று மையை நிரப்பி, அது கெட்டாலும் இழப்பு ஒரு கூட்டோடு முடிந்தது. படிகத் தகட்டு முறையிலோ தலை யந்திரத்தின் உறுப்பு. அது அடைத்துக்கொண்டால் பழுது பார்க்கும் செலவு சில வேளைகளில் புதிய யந்திரத்தின் விலையை எட்டிவிடும். மாற்று மையை நிரப்ப எண்ணுவோர் முதலில் தம் யந்திரம் இவ்விரண்டில் எத்தினுசு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் நிரப்பத்தக்க மைக்கூடுகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. மேலே மை ஊற்ற ஒரு துவாரமும், காற்றுப் புக மற்றொரு துவாரமும் உண்டு. காற்றுத் துவாரத்தின் அடைப்பை நீக்க மறந்தால், மை இறங்காது. படத்தில் வெள்ளைக் கோடுகள் விழும். கூட்டின் பக்கத்தில் ஒட்டியுள்ள சிறு சில்லு பெரும்பாலும் மையை அளப்பதில்லை. எறியப்பட்ட துளிகளைக் கணக்கிட்டு, 'தீர்ந்தது' என்று அறிவிப்பதே அதன் வேலை. நிரப்பும் கூட்டில் இருக்கும் சில்லோ, தீர்ந்ததாகக் கணக்கிட்டவுடன் மீண்டும் 'நிறைந்தது' என்று காட்டிவிடும். உள்ளே மை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது! ஆகவே, யந்திரம் சொல்வதை நம்பாமல் கண்ணால் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போதே நிரப்பிவிடுவது உத்தமம். முற்றும் வற்றினால் தலைக்குள் காற்று புகுந்துவிடும். வெப்ப முறைத் தலையாயின் அதனைக் குளிர்விக்கும் மையும் இல்லாமல் சூடேறிக் கருகிப்போகும்.

மை விற்பனையில் கம்பெனிகள் காட்டும் பிடிவாதத்திற்குக் காரணம் உண்டு. யந்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்று, இலாபத்தை மையில் ஈட்டுவதே நெடுநாளைய வழக்கம். சிறு மைக்கூடுகள் பலவற்றில் 10 மில்லிலிட்டருக்கும் குறைவான மையே இருக்கும். இதனால், இந்தோனேசியா போன்ற நாடுகளில் பிரிண்டரின் பக்கத்தில் பெரிய புட்டிகளைக் கட்டி, மெல்லிய குழாய் வழியே மையைச் செலுத்தும் கைவேலை பரவலாயிற்று. தடுத்துப் பயனில்லை என்று கண்ட எப்சன் கம்பெனி, 2010 அக்டோபரில் அதே இந்தோனேசியாவில் தானே தொட்டி பொருத்திய பிரிண்டரை வெளியிட்டது. கேனனும் ஹ்யூலட் பேக்கார்டும் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. புகைப்படத்துக்கென வந்த ஆறு வண்ணத் தொட்டி யந்திரத்துக்கு 70 மில்லிலிட்டர் புட்டிகளில் மை கிடைக்கிறது. நம் நாட்டின் சிற்றூர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துத் தருவது இத்தகைய யந்திரமே. கடைத்தெருவில் பழுது பார்ப்பவன் கண்ட உபாயத்தைப் பெரிய கம்பெனி கைக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நீதிமன்றங்களும் இவ்விஷயத்தில் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. மையை மீண்டும் நிரப்பி விற்ற வணிகருக்கு எதிராகக் கேனன் தொடுத்த வழக்கில், ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2007இல் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. லெக்ஸ்மார்க் கம்பெனி தொடுத்த வழக்கிலோ, ஒரு பொருளை விற்றபின் காப்புரிமையைக் காட்டி அதன் உபயோகத்தைத் தடுக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் கூறிற்று. மாற்று மை வேறு, போலி மை வேறு என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். தன் பெயரிலேயே வரும் மாற்று மை ஒரு வணிகப் பொருள். பிறர் முத்திரையை ஒட்டி வருவது மோசடி.

இனிச் சுவரில் வெளுத்த மாப்பிள்ளையிடம் வருவோம்.

மையில் இருவகை உண்டு. சர்க்கரை நீரில் கரைவது போல் சாயம் கரைந்திருப்பது ஒன்று. சந்தனம் குழைந்திருப்பது போல் நிறமித் துகள் மிதப்பது மற்றொன்று. சாய மை பளபளப்பாகவும் ஆழ்ந்த வண்ணத்தோடும் விளங்கும். ஆனால் அதன் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் எளிதில் தாக்கிவிடும். நிறமித் துகளிலோ மேற்புறம் அழிந்தாலும் உட்புறம் எஞ்சும். உடனே உலரும் புகைப்படத் தாள்களின் மேற்பரப்பு நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகள் வழியே காற்றும் சாயத்தைச் சென்றடைகிறது. பெரும்பாலும் முதலில் அழிவது நீலம். எஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். பெயர் பெற்ற கம்பெனிக்கும் இது நேர்ந்ததுண்டு. 2000ஆம் ஆண்டில் எப்சன் வெளியிட்ட புகைப்படப் பிரிண்டர்களில், அக்கம்பெனியின் சொந்த மையாலும் தாளாலும் அச்சிட்ட படங்கள் சில வீடுகளில் விரைவில் ஆரஞ்சு நிறமாயின. ஆராய்ந்தபோது ஓசோனே காரணம் என்று தெரியவந்தது. அதன்பின் கம்பெனிகள் வாயுவைத் தாங்கும் சாயங்களைத் தேடின. மலிவான மாற்று மைகளில் பலவற்றுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆகவே, மலைக்காற்று தின்றது என்று சித்தி சொன்னதில் 'மலை' என்பதை மட்டும் நீக்கிவிடலாம்.

மலையின் பங்கு வேறு. ஏறக்குறைய 3000 அடி உயரத்தில், மேற்குக் காற்று கொணரும் மழையை நேரே ஏற்கும் பீர்மேட்டில், ஆனி ஆடி மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த ஈரத்தில் சாயம் தாளுக்குள் மெல்லப் படர்ந்து கண்ணிமையின் விளிம்பு மங்கும். கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொள்ளும். தாத்தாவின் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது; சாயமன்று. அதனால்தான் அத்தனை மழைக்காலங்களை அது கடந்துவிட்டது.

ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு. துவாரங்கள் விரைவில் உலர்வதில்லை. டில்லியின் மே மாதத்து வறண்ட காற்றில் இரு வாரம் அச்சிடாமல் விட்டால் தலை அடைத்துக்கொள்ளக்கூடும். அங்குள்ளோர் வாரம் ஒருமுறை எல்லா வண்ணமும் உள்ள சிறு படம் ஒன்றை அச்சிடுவது நலம். மின்தடையும் கவனிக்கத்தக்கது. பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்தினால் தலை தன் இடத்தில் ஒதுங்கி மூடிக்கொள்ளும். இடையில் மின்சாரம் நின்றால் வாய் திறந்தபடியே நிற்கும். எனவே, மின்சாரம் வந்தவுடன் இயக்கி, முறைப்படி நிறுத்த வேண்டும். அடைப்பை நீக்கும் சுத்திகரிப்பை அடிக்கடி ஏவுவதும் கேடு. அதில் வீணாகும் மை யந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சில் சென்று தங்குகிறது. பஞ்சு நிறைந்ததாகக் கணக்கானதும் யந்திரம் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

மாற்று மையில் முகநிறம் பச்சை தட்டுகிறது என்போர் உளர். கம்பெனியின் மென்பொருள் தன் மையை எண்ணியே வண்ணங்களைக் கலக்கிறது. மை மாறினால் கலவையும் மாறவேண்டுமன்றோ? அளவுகோல் கருவி கொண்டு வண்ண அட்டவணை தயாரித்துத் தருவோர் உண்டு. இயலாதோர் ஒரே மையையும் ஒரே தாளையும் விடாமல் கைக்கொண்டு, சோதனை செய்து திருத்திக்கொள்ளலாம். இரு கம்பெனி மைகளை ஒரே தொட்டியில் கலப்பதும், சாய மைக்கென அமைந்த யந்திரத்தில் நிறமி மையை ஊற்றுவதும் ஆபத்து.

என் வழக்கத்தைக் கேட்டால் சொல்கிறேன். விண்ணப்பத்தில் ஒட்டும் படம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் படம் இவற்றுக்கு மாற்று மை தாராளமாகப் போதும். அவை ஓராண்டு இருந்தால் மிகுதி. சுவரில் மாட்டும் படத்துக்குக் கம்பெனியின் மையும், அதற்கெனக் குறித்த தாளும். அச்சிட்டபின் ஒரு நாள் உலரவிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டைச் சட்டம் வைத்து, பின்புறத்தை நன்கு ஒட்டி, வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். கண்ணாடி ஓசோனைப் பெருமளவு தடுத்துவிடும்.

திருமணப் படத்தின் மூலப் பிரதி சித்தியின் பழைய கைப்பேசியோடு போய்விட்டது. நல்வினையாக, மாப்பிள்ளையின் தமக்கை திருப்பூரில் ஒரு பிரதியைச் சேமித்து வைத்திருந்தார். சென்ற தை மாதம் புதிதாக அச்சிட்டு அனுப்பினேன். பின்புறத்தில் மையின் பெயரையும் தாளின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். வெளுத்த படத்தைச் சித்தி எறியவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறார்.